கருவியே வேண்டாமாம்: என்ட்ரி கிரேடு கன்டம் கிட், சேலத்து மேசையில்

ஜாதகக்காரர் சொல்லும் கண்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1979-ல் ஜப்பான் தொலைக்காட்சியில் தொடங்கிய கன்டம் தொடரின் வெள்ளை ரோபோ இது; பெயர் ஆர்எக்ஸ்-78-2. மறு ஆண்டே, 1980-ல், பாண்டாய் நிறுவனம் இதை 1/144 அளவில், பாகங்களை நாமே பூட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கிட்டாக 300 யென்னுக்கு விற்கத் தொடங்கியது. நாற்பது ஆண்டு கழித்து 2020-ல், அதே ரோபோவை அதே அளவில், இதுவரை எதையும் கட்டிப் பழகாதவர்களுக்கென்று புதிதாக வடிவமைத்து விட்டதுதான் என்ட்ரி கிரேடு. கதையில் 18 மீட்டர் உயரம். 144-ஆல் வகுத்தால் 12.5 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாணுக்குச் சற்றுக் கூட.

வெளிவந்தபோது ஜப்பானில் வரியோடு 770 யென். துப்பாக்கியும் கேடயமும் இல்லாத லைட் பெட்டி 550. சேலத்துக்கு வந்து சேருவதற்குள் இறக்குமதியும் கூரியரும் விலையை ஏற்றிவிடும். அதனால் லைட் பெட்டியில் மிச்சம் பிடிப்பதாக நினைப்பது வீண். இரண்டுக்கும் கூரியர் ஒன்றுதான். கேடயம் இல்லாத கன்டம் மாலை இல்லாத மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கு முழு மதிப்பெண். “நிப்பர் வேண்டாம், பசை வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம்” என்ற விளம்பரத்துக்கு மூன்றில் இரண்டு. நிப்பர் என்பது பாகங்களை வெட்டி எடுக்கும் சின்னக் கட்டர். பசையும் ஸ்டிக்கரும் உண்மையிலேயே வேண்டாம். நிறமெல்லாம் பிளாஸ்டிக்கிலேயே கலந்து வருகிறது. மார்பு நீலம், வயிறு சிவப்பு, கண் உட்பட எல்லாம் தனித்தனிப் பாகம். நிப்பர் வேண்டாம் என்பதில்தான் வில்லங்கம்.

இந்தக் கிட்டில் பாகங்களைச் சட்டத்தோடு, அதாவது ரன்னரோடு, பிடித்திருக்கும் காம்பு மிக மெல்லியது. விரலால் அழுத்தினால் பாகம் உதிர்ந்துவிடும். புளியம்பழத்தை ஓட்டிலிருந்து பிதுக்குவது போலச் சுகமாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் இழுபட்டு அறுந்தால் அந்த இடம் வெளுக்கும். வெள்ளைப் பாகத்தில் அது தெரியாது. நீலத்திலும் சிவப்பிலும் அரிசிக் குருணை ஒட்டினது போல ஒரு புள்ளி நிற்கும். இன்னொரு சிக்கல், காம்பைத் திருகி எடுக்கும்போது அது பாகத்தின் உடம்பிலிருந்தும் ஒரு துளி பிளாஸ்டிக்கைப் பிடுங்கிக்கொண்டு போகலாம். வெளுப்பைச் சரிசெய்வது எளிது, குழியைச் சரிசெய்வது வேலை.

எனவே வெள்ளைப் பாகங்களையும் உள்ளே மறையும் சாம்பல் மூட்டுகளையும் கையால் எடுக்கலாம். நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். முதல் வெட்டு பாகத்திலிருந்து 2, 3 மில்லிமீட்டர் தள்ளி, ரன்னர் பக்கமாக. பாகம் தனியே வந்த பிறகு அரை மில்லிமீட்டர் விட்டு இரண்டாம் வெட்டு. மிச்சத்தைப் புது பிளேடால், பாகத்தின் பரப்போடு படுக்கவைத்து, இரண்டு மூன்று சீவலாகச் சீவ வேண்டும். ஒரே வெட்டில் ஒட்ட நறுக்கினால் வாயின் அழுத்தம் முழுக்கப் பாகத்துக்குள் இறங்கி, வெளுப்பு மேலோடு நிற்காமல் ஆழமாகப் போய்விடும். கடைசியில் 600, 800, 1000 என்று மூன்று எண்களில் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், ஒரு சொட்டுத் தண்ணீரோடு. 400 தேவைப்பட்டால் வெட்டு சரியில்லை என்று அர்த்தம்.

ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? முதலில் கட்டைவிரல் நகத்தின் முதுகால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். லேசான வெளுப்பு பாதி மறையும். மறையாவிட்டால் ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சில விநாடி சூடு. அதற்கும் மசியாததுக்கு, மாடல் கட்டுவோர் பயன்படுத்தும் டாமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்ட்டை அதன் தூரிகை நுனியால் ஒரே ஒரு தொடல். அது பசை என்று பெயர்தானே தவிர, பியூட்டைல் அசிட்டேட்டும் அசிட்டோனும் கலந்த கரைப்பான். மேல்தோலை இளக்கிச் சமன்செய்து தானே ஆவியாகிவிடும். இரண்டாம் தொடல் வைத்தால் கைரேகை பதியும்.

நிப்பருக்கு எங்கே போவது? மின்வேலைக் கட்டிங் பிளேயர் வேண்டவே வேண்டாம். அதன் வாய் இரண்டு பக்கமும் சரிவாக இருக்கும்; வெட்டாது, நசுக்கும். தேவைப்படுவது ஒரு பக்கம் தட்டையான வாய் உள்ள சின்ன சைடு கட்டர். சேலத்துக்காரர்களுக்கு இங்கே ஒரு அதிர்ஷ்டம் உண்டு. வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்போன ஊர் இது. செவ்வாய்பேட்டைப் பக்கம் பட்டறைகளுக்குச் சாமான் விற்கிற கடைகளில், மாடல் கட்டுவோர் இணையத்தில் தேடித்தேடி வாங்குகிற கருவிகளில் முக்கால்வாசி தொங்குகின்றன. நுனி மெலிந்த சாமணம், பத்துப் பன்னிரண்டு உருவில் வரும் நுண் அரம், கையால் உருட்டும் துளைக்கருவி, 0.8, 1 மில்லிமீட்டர் டிரில் பிட், சைடு கட்டர் எல்லாம் அங்கே கிடைக்கும். “ஹாபி” என்று பெட்டியில் அச்சடித்ததும் விலை ஏறும் வித்தை இங்கே கிடையாது. வாங்கும்போது கட்டரை வெளிச்சத்துக்கு எதிரே மூடிப் பாருங்கள். வாயிடுக்கில் வெளிச்சம் கசிந்தால் அடுத்ததைக் கேளுங்கள். வாங்கியதைப் பிளாஸ்டிக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை கம்பியை வெட்டினாலும் வாயில் பல் விழுந்து, அப்புறம் ஒவ்வொரு காம்பிலும் அந்தப் பல்லின் கீறல் நிற்கும். அரத்தையும் அதே மாதிரி. வெள்ளியைத் தேய்த்த அரம் பிளாஸ்டிக்கில் சாம்பல் பூசிவிடும்.

கட்டுவதற்கு ஒரு மணி நேரம் போதும். மேலே சொன்ன சுத்தத்தோடு செய்தால் மூன்று மணி நேரம். விளக்கத் தாளில் எழுத்தை விடப் படம்தான் பேசுகிறது, ஜப்பானிய மொழி தெரியாதது ஒரு தடையே இல்லை. பழைய கிட்டுகளில் மூட்டுக்குள் பாலிகேப் என்று மெத்தென்ற ரப்பர் போன்ற வளையம் வரும். இதில் அது இல்லை, பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசித்தான் பிடி. புதிதில் இறுக்கம் அருமை. ஆனால் பார்க்கிற எல்லாரும் ஒருமுறை கையைக் காலை மடக்கிப் பார்க்கும் வீட்டில் அந்த இறுக்கம் நாளாக ஆகத் தளரும்.

தளர்ந்த மூட்டுக்கு மருந்து உண்டு. மூட்டைக் கழற்றி, முளையின் மேல் ஃபெவிக்விக் போன்ற சயனோ பசையை ஊசி நுனியால் மெல்லிய படலமாகப் பூசி, குழிக்குள் செருகாமல் வெளியிலேயே முழுதாகக் காயவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் செருகினால் தடிமன் கூடியிருக்கும். அதிகமாகிவிட்டால் 1000 பேப்பரால் குறைக்கலாம். ஈரத்தோடு செருகுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு; அத்தோடு அந்தக் கை ஆயுளுக்கும் வணக்கம் சொன்னபடியே நிற்கும். பசையைக் கண்டால் பயம் என்றால் குழாய் வேலைக்கு வாங்கும் வெள்ளை டெஃப்லான் டேப்பில் ஒரு நகக்கண் அளவு வெட்டி முளைக்கு ஒரு சுற்று. இதற்கு நகப்பூச்சைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். அதில் இருக்கும் அசிட்டேட் கரைப்பான்கள் பாலிஸ்டைரீனைத் தின்னும். பாலிஸ்டைரீன் பொம்மைக்கு வேண்டாம்.

எது என்ன பிளாஸ்டிக் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ரன்னரின் ஓரத்திலும் பிஎஸ், ஏபிஎஸ், பிஇ என்று வார்த்திருப்பார்கள். பிஎஸ் என்றால் பாலிஸ்டைரீன், எக்ஸ்ட்ரா தின் பிடிக்கும். ஏபிஎஸ்-ம் ஒட்டும், ஆனால் எனாமல் தின்னர் பட்டால் விரிசல் விடும். பிஇ என்பது பழைய கிட்டுகளின் பாலிகேப் வகை, எந்தப் பசையும் ஒட்டாது. ரன்னரைக் குப்பையில் போடுவதற்கு முன் இந்த எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குப்பையில் போடவே போடாமலிருப்பது இன்னும் நல்லது, காரணம் பின்னால் வருகிறது.

கோடு போடுவது, அதாவது பேனல் லைன். கவசத்தில் இருக்கும் பள்ளக் கோடுகளில் கருமை ஏற்றினால் 770 யென் பொம்மை அதைப்போல் இரண்டு மடங்கு விலை சொல்லும். வெள்ளைக்குச் சாம்பல், நீலத்துக்குக் கறுப்பு, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பழுப்பு. வெள்ளையில் கறுப்புப் போட்டால் பள்ளிக்கூட வரைபடம் போல இருக்கும். 0.3 மில்லிமீட்டர் கன்டம் மார்க்கர் போதும். பிசிறியதை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். மொபைல் ரிப்பேர் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தெரியும். காசை மிச்சம் பிடிக்க எனாமல் பெயின்ட்டையும் டர்பன்டைனையும் கலந்து கோட்டில் ஓடவிடுகிறவர்கள் கவனிக்க: பூட்டிய முளையைச் சுற்றி பிளாஸ்டிக் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. அந்தக் கலவை இடுக்கு வழியே உள்ளே ஊறி, இழுபட்ட இடத்தில் மயிர்க்கோடாக விரிசலைத் தொடங்கிவைக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் தோளைத் திருப்பும்போது ‘டிக்’ என்று கேட்கும். அப்படித்தான் செய்வேன் என்றால் பாகங்களைப் பூட்டுவதற்கு முன்பே, தனித்தனியாக வைத்துச் செய்யுங்கள்.

அடுத்தது மேட் பூச்சு. இந்த விமர்சனம் எழுதவே காரணம் இதுதான். இந்தக் கிட்டுக்குச் செய்யக்கூடிய ஒரே பெரிய உபகாரம், கடைசியில் பளபளப்பை அடக்கும் ஒரு மேட் கிளியர் ஸ்ப்ரே. டாமியா டிஎஸ்-80 போன்றவை. பொம்மைத்தனம் போய் இரும்புத்தனம் வரும். ஆனால் ஸ்ப்ரே டப்பாவில் எழுதியிருக்கும் விதிகள் நம்மூர் வெயிலை நினைத்து எழுதியவை அல்ல.

சேலத்தில் ஏப்ரல், மே மாத நடுப்பகலில் 40 டிகிரியை ஒட்டி அடிக்கும்போது மொட்டைமாடியில் நின்று ஸ்ப்ரே செய்தால், துளிகள் பொம்மையைத் தொடுமுன்பே பாதி காய்ந்துவிடும். ரவை தூவினது போலச் சொரசொரப்பு உட்காரும். அதே ஸ்ப்ரேயை ஐப்பசி மழையில், காற்றில் ஈரம் கனத்திருக்கும்போது அடித்தால் வேறு கோளாறு. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து, பூச்சு பால் போல வெளுத்துவிடும். கறுப்பிலும் நீலத்திலும் இது விகாரம். கோடையில் காலை ஆறிலிருந்து எட்டுக்குள், காற்றடிக்காத வராந்தாவில். மழைக்காலத்தில் இரண்டு நாள் வெறித்த பிறகு. 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி, பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடிகிற வீச்சாக, மெல்லிய பூச்சு மூன்று, நடுவில் பத்து நிமிடம். வாயு வடிகட்டி உள்ள முகமூடி அவசியம். துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும். அடுப்போ விளக்கோ எரிகிற இடத்தின் பக்கமே போகக் கூடாது.

ஏற்காட்டில் கணக்கே வேறு. சுமார் 1500 மீட்டர் உயரம், மூடுபனி எப்போது ஜன்னலுக்குள் எட்டிப்பார்க்கும் என்று சொல்ல முடியாது. குளிரில் டப்பாவின் அழுத்தம் குறைந்து ஸ்ப்ரே துப்பலாக வரும். டப்பாவைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்திவைத்தால் சரியாகும். கொதிநீரும் அடுப்பும் கூடவே கூடாது, வெடிக்கும். அங்கேயே இருப்பவர்களுக்கு ஸ்ப்ரேயைவிடத் தூரிகையால் பூசும் அக்ரிலிக் மேட் வார்னிஷ்தான் நல்லது. மெதுவாகக் காயும், வெளுக்காது. சயனோ பசையும் அந்த ஈரத்தில் தன் குணத்தைக் காட்டும். அது காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. பசையிலிருந்து எழும் ஆவி அந்த ஈரத்தோடு சேர்ந்து பக்கத்தில் வெள்ளைத் திரையாகப் படியும். கண்ணாடி போன்ற பாகம் உள்ள கிட்டில் இது பெரிய சேதம். அந்த மாதிரிப் பாகங்களுக்குச் சாதாரண ஃபெவிகால் போதும். பிடி குறைவுதான், ஆனால் காய்ந்தால் நிறமற்றது, மூட்டம் வராது.

பால் வெளுப்பு வந்துவிட்டால் சுரண்ட வேண்டாம். ஈரமில்லாத நாள் பார்த்து அதே பூச்சை இன்னொரு முறை, கொஞ்சம் நனைகிற மாதிரி அடித்தால் பழைய படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடும். ரவைச் சொரசொரப்புக்கு 1500 பேப்பரைத் தண்ணீரோடு மெல்ல ஓட்டிவிட்டு மறுபூச்சு.

ஸ்ப்ரேக்கு முன் எல்லாப் பாகத்தையும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் பழைய டூத்பிரஷால் கழுவுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய் இருக்கலாம். தட்டுவடை செட் சாப்பிட்ட விரலின் எண்ணெய் நிச்சயமாக இருக்கும்.

கார் பெயின்ட் கடையில் என்.சி. தின்னர் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் பாகத்தைத் துடைப்பவர்கள் அடுத்த கிட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டுத் துடைக்கலாம். டொலுயீன் போன்ற கரைப்பான்கள் அதில் உண்டு. பாலிஸ்டைரீன் வழுவழுவென்று உருகும். ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே டப்பாவையும் ரன்னர் துண்டில் அடித்து ஒரு நாள் பார்த்த பிறகே பொம்மைக்குக் கொண்டுபோக வேண்டும்.

உடைந்தால்? முளை குழிக்குள்ளேயே முறிந்து நின்றுவிடுவதுதான் வழக்கமான விபத்து. உள்ளே நிற்கும் துண்டின் நடுவில் 0.8 பிட்டால் சின்னத் துளை போட்டு, அதில் சிறு ஸ்குரூவை இரண்டு சுற்று ஏற்றி, நேராக இழுத்தால் துண்டு வந்துவிடும். பிறகு முறிந்த இரு முகங்களையும் தட்டையாகத் தேய்க்கவும். ஒன்றின் நடுவில் மார்க்கர் மையால் பொட்டு வைத்து மற்றதை அதன் மேல் ஒற்றினால் மையம் பதியும். இரண்டிலும் 1 மில்லிமீட்டர் பிட்டால் 4, 5 மில்லிமீட்டர் ஆழம் துளை. பிட்டைக் கையால் மட்டுமே உருட்டவும். மோட்டார் டிரில் வேகத்தில் பிளாஸ்டிக் உருகிப் பிட்டைக் கவ்விக்கொள்ளும். உள்ளே பேப்பர் கிளிப் கம்பி, ஒரு சொட்டு சயனோ. வெறும் பசையால் முளையை ஒட்டினால் இரண்டாம் நாள் மறுபடி முறியும். முறிந்த முகத்தின் பரப்பு அவ்வளவு சின்னது, திருகும் விசை முழுக்க அதன் மேல்தான்.

இப்போது ரன்னர் விஷயம். நீல ரன்னரைப் பொடிப்பொடியாக நறுக்கி, காலிப் புட்டியில் கால் பங்கு போட்டு, மூழ்கும்வரை எக்ஸ்ட்ரா தின் ஊற்றி ஓர் இரவு வைத்தால் தேன் பதத்தில் நீலப் பசை கிடைக்கும். காம்பு பிடுங்கிய குழிக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கடையில் இல்லை, காரணம் நிறம் அச்சு அசல் அதே. குழியைவிட உயரமாக வைத்து, குறைந்தது இரண்டு நாள் விடுங்கள். காயும்போது சுருங்கும், அவசரப்பட்டுத் தேய்த்தால் மறுபடி பள்ளம் விழும். வண்ணம் பூசப் போகிற பாகம் என்றால் சயனோவும் சமையல் சோடாவும் போதும், உடனே இறுகும். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். விட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, பேப்பர் மேட்டை விட்டுப் பள்ளத்தைத் தோண்டும்.

உருமாற்ற ஆசை உள்ளவர்களுக்கு இந்தக் கிட் சுமாரான அடித்தளம்தான். பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக மறைவதால் வெட்டி நீட்ட இடம் குறைவு. எம்-சீலைச் சரிபாதியாகப் பிசைந்து கவசம் தடிக்கவைக்கலாம். நெற்றிக் கொம்பைச் சீவிக் கூராக்கலாம். தகடு சேர்க்க வேண்டுமானால் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்ட வெள்ளை டப்பா மூடிகளைச் சேர்த்துவையுங்கள். அதுவும் பாலிஸ்டைரீன்தான், எக்ஸ்ட்ரா தின்னிலேயே ஒட்டும். பெயர்ப்பலகைக் கடைகளில் கிடைக்கும் சன்போர்டு பிவிசி நுரை. அது இந்தப் பசைக்கு மசியாது, சயனோ வேண்டும். நிறைய வெட்டி ஒட்டத் திட்டமிருந்தால் 2015-ல் வந்த ஹெச்ஜி (ஹை கிரேடு) ரிவைவ் வரிசை ஆர்எக்ஸ்-78-2-ஐ வாங்குவது மேல்.

வைக்கும் இடம்: மேற்கு ஜன்னலோரம் வேண்டாம், வெள்ளைப் பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளாகும். பாலிஸ்டைரீன் இளக 100 டிகிரியை ஒட்டி வேண்டும் என்பதால் அறைச் சூடு ஒன்றும் செய்யாது. வெயிலில் நிறுத்திய கார் டாஷ்போர்டு 70-ஐத் தாண்டும், அங்கே மெல்லிய பாகங்கள் கோணும். பக்கத்தில் ஒரு பிவிசி பொம்மை இருந்தால் அது முதலில் குனியும். குனிந்த பிவிசி பொம்மையின் காலைக் கொதிக்கவைத்த நீரில் அரை நிமிடம் முக்கி, நிமிர்த்திப் பிடித்து, குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் வைத்தால் நேராகும். ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். இந்த வேலைக்கு அது தாராளம். மலைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, கொம்பையும் துப்பாக்கியையும் கழற்றித் தனி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.